டார்ஜான்: வைஸ்முல்லரா, க்ராபா?

ஜானி வைஸ்முல்லர், பஸ்டர் க்ராப் இருவருமே ஒலிம்பிக் நீச்சல் குளத்திலிருந்து டார்ஜான் வேடத்துக்கு வந்த அமெரிக்கர்கள்.

நீச்சலில் வைஸ்முல்லர்தான் மேல். 1924, 1928 ஒலிம்பிக்கில் 5 தங்கம். 100 மீட்டரை முதன்முதலில் ஒரு நிமிடத்துக்குள் நீந்தியவரும் அவரே. க்ராபுக்கு 1932 லாஸ் ஏஞ்சலஸில் 400 மீட்டரில் கிடைத்த ஒரே தங்கம்தான். ஆனால் அது லேசுப்பட்ட தங்கமல்ல: பிரான்ஸின் ழான் தாரிஸைக் கடைசியில் எட்டிப்பிடித்து, நொடியில் பத்தில் ஒரு பங்கில் ஜெயித்தார்.

திரையில்? வைஸ்முல்லர் 1932 முதல் 1948 வரை 12 படங்களில் டார்ஜான். தலையை நீருக்கு மேலே தூக்கியபடி சீறிப் பாயும் அந்த நீச்சலைப் படத்திலும் பார்க்கலாம். க்ராப் 1933இல் ஒரே தடவை டார்ஜான். அப்புறம் ஃப்ளாஷ் கார்டன், பக் ராஜர்ஸ் என விண்வெளி சாகசப் படங்களின் நாயகனாக நடிக்கப் போய்விட்டார். வேடங்களில் அவர்தான் பலவிதம் காட்டினார். ஆனாலும் டார்ஜான் என்றால் என் ஓட்டு வைஸ்முல்லருக்கே.