யுஷிமாவின் ஷின்சுகே: டோக்கியோ செல்பவர்கள் தவறவிடக் கூடாத ஓர் இஸகாயா

டோக்கியோவுக்குப் பயணம் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு நல்ல சுஷிக் கடைக்கும் ஒரு ராமென் கடைக்கும் முன்கூட்டியே நேரம் ஒதுக்கிவிடுகிறார்கள். மதுவோடு சிறு சிறு உணவுகளும் பரிமாறும் இஸகாயாவை மட்டும், இரவில் போகிற போக்கில் எட்டிப் பார்க்கும் மதுக்கடையாகவே எண்ணிக்கொள்கிறார்கள். ரயில் நிலையங்களைச் சுற்றி, ஒரே பெயரில் பல கிளைகளாக இயங்கும் மலிவான கடைகளை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணம் வருவது இயல்பே. ஆனால் இஸகாயாக்களில் உயர்தரமானவை என்று ஒரு வகை உண்டு. மத்தி மீன், பொரித்த டோஃபு, வெங்காயத்தாள் போன்ற சாதாரணப் பொருள்களைக்கூட எவ்வளவு அக்கறையோடு கையாளுகிறார்கள் என்பதுதான் அங்கே தரத்தை முடிவு செய்கிறது. பொருளின் விலைக்கு அதில் பெரிய பங்கு கிடையாது. அந்த வகையில் நான் உட்கார்ந்து சாப்பிட்ட கடைகளில் முதலிடம் தரத்தக்கது, டோக்கியோவின் புன்கியோ வட்டாரத்தில், யுஷிமா பகுதியில் இருக்கும் ஷின்சுகே.

கடையைக் கண்டுபிடிப்பது எளிது. சியோதா ரயில் தடத்தின் யுஷிமா நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் வந்துவிடலாம். உயேனோ பூங்காவிலிருந்தும் நடந்தே வரலாம். பெரிய பலகையை எதிர்பார்த்து வருகிறவர்கள் மட்டும் கடந்து போய்விடக்கூடும். வாசலில் கயிற்றுத் திரை தொங்குகிறது. அதற்கு மேலே, சுகி எனப்படும் ஜப்பானிய ஊசியிலை மரத்தின் இலைக்கொத்துகளைக் கட்டி, உருண்டையாகக் கத்தரித்த பெரிய பந்து ஒன்று இருக்கிறது. ஜப்பானில் சாக்கே எனும் அரிசி மதுவைத் தயாரிக்கும் ஆலைகளின் வாசலில் புதிய மது தயாரானதும் பச்சைப் பசேலென்று இப்படி ஒரு பந்தைக் கட்டுவது வழக்கம். மாதங்கள் செல்லச் செல்ல இலை பழுப்பேறும்; உள்ளே மதுவும் பக்குவப்பட்டு வருகிறது என்று ஊரார் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.

ஷின்சுகே இஸகாயாவாகத் தொடங்கியது 1925ஆம் ஆண்டில், அதாவது டோக்கியோவைத் தரைமட்டமாக்கிய 1923ஆம் ஆண்டு பெருநிலநடுக்கம் முடிந்து இரண்டே ஆண்டுகளில். அதற்கு முன்பு இதை நடத்தும் குடும்பம் மது விற்கும் கடை நடத்திவந்தது. இஸகாயா என்ற அமைப்பே எடோ காலத்து (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) மதுக்கடைகளில், வாங்கிய மதுவை அங்கேயே உட்கார்ந்து குடிக்க இடம் தந்ததிலிருந்தும், பிறகு தொட்டுக்கொள்ள ஏதாவது சமைத்துத் தந்ததிலிருந்தும் வளர்ந்ததுதான். ஆகவே இந்த ஒரு கடையின் கதையில், அந்த முழு மரபும் கடந்து வந்த பாதை அப்படியே தெரிகிறது. இன்றைய கட்டடம் பழையது அல்ல. பழமையைத் தேடி வருபவர்களுக்கு அது சிறு ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு அது பொருட்டாகத் தோன்றவில்லை. உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நீளும் மர மேசையும், அதற்குப் பின்னால் குட்டை மேலங்கியும் நெற்றிக் கட்டுமாக நிற்கும் கடைக்காரரும் போதும், மரபு எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு.

இடம் கேட்கும்போது அந்த நீண்ட மேசையையே கேட்டு வாங்குங்கள். மேசையின் மரம் ஆண்டுக்கணக்கான துடைப்பில் வழுவழுப்பாகி, கையை வைத்தால் எடுக்க மனம் வராத அளவுக்கு மென்மையாக இருக்கிறது. உட்கார்ந்ததும் சூடான ஈரத்துண்டு வரும். கை துடைத்து முடிப்பதற்குள், நாம் கேட்காமலே சிறு கிண்ணத்தில் ஒரு தொடுகறி வரும். ஒதோஷி எனப்படும் இது பல பயணிகளைக் குழப்புகிறது. கேட்காத பண்டத்துக்குப் பணம் பிடுங்குகிறார்கள் என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் ஏறக்குறைய எல்லா இஸகாயாக்களிலும் இருக்கை வாடகைக்கு ஈடாக இருப்பது இதுதான். பொதுவாகச் சில நூறு யென் கணக்கில் சேரும். மட்டமான கடையில் இது கடமைக்கு வரும். நல்ல கடையிலோ அன்றைய அடுக்களை எப்படியிருக்கிறது என்பதை முதல் வாயிலேயே சொல்லிவிடும். எங்களுக்கு வந்த சிறு கிண்ணத்துக் காய்கறி, கடித்தால் நறுக்கென்றிருக்கும் பதத்தில், உப்பும் இனிப்பும் அளவோடு ஊறியிருந்தது. அடுத்து எதைக் கேட்டாலும் நம்பிக் கேட்கலாம் என்ற தைரியம் அப்போதே வந்துவிட்டது.

முதலில் மகுரோ நுதா வாங்கினோம். சூரை மீனின் சிவந்த, கொழுப்பு குறைந்த பகுதியைத் துண்டுகளாக வெட்டி, லேசாக வேகவைத்த வெங்காயத்தாளோடு, காடியும் கடுகும் கலந்த மிசோ எனும் புளித்த சோயாக் கூழ் சேர்த்துத் தருகிற உணவு இது. எழுதினால் எளிமையாகத் தெரிகிறது. நாக்கில் அப்படி இல்லை. மிசோ முதலில் இனிக்கிறது, காடி பின்னாலிருந்து புளிக்கிறது, கடைசியில் கடுகு மூக்கில் மெல்ல ஏறுகிறது. இவற்றில் எதுவும் மீனை மறைக்கவில்லை. வெங்காயத்தாளின் தண்டில் வழவழப்பு கொஞ்சம் மிஞ்சியிருக்கும் நேரத்தில் அடுப்பிலிருந்து இறக்கியிருக்கிறார்கள். இன்னும் சில நொடி விட்டிருந்தால் அது குழைந்து, மிசோவோடு கலந்து சேறாகியிருக்கும்.

அடுத்தது இவாஷி கன்சேகியாகே. மத்தியின் சதையைக் கொத்தி, கரடுமுரடான உருண்டைகளாக்கிப் பொரித்துத் தருகிறார்கள். மத்தி எண்ணெய் மிகுந்த மீன். பிடித்து நேரமானால் கவிச்சை ஏறிவிடும் என்பதைக் கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த மீனை இப்படிக் கொத்திப் பொரித்துப் பரிமாற வேண்டுமானால், அது அன்றைய சரக்காக இருக்க வேண்டும், எண்ணெயும் புதிதாக இருக்க வேண்டும். மேலே மொறுமொறுப்பும் உள்ளே ஈரமும் கெடாமல், மத்தியின் வாசனை மத்தியின் வாசனையாகவே இருந்தது. இத்தனை மலிவான மீனுக்கு இத்தனை மரியாதை தருகிற கடையை உயர்தரம் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

வெளிநாட்டுப் பயணிகளிடையே இந்தக் கடை பெயர் பெற்றது கிட்சுனே ராக்லெட் என்ற உணவால். பொரித்த மெல்லிய டோஃபுவைப் பையாகப் பிரித்து, உள்ளே சுவிட்சர்லாந்தின் ராக்லெட் பாலாடைக்கட்டியை வைத்துச் சூடாகத் தருகிறார்கள். ஜப்பானிய உணவில் ஐரோப்பியப் பாலாடைக்கட்டி என்றதும் எனக்குத் தயக்கம் இருந்தது. புதுமைக்காகச் செய்த புதுமையாக இருக்குமோ என்று நினைத்தேன். அப்படியில்லை. டோஃபுத் தோல் மேலே வறுபட்டு மொறுமொறுவென்றிருக்கிறது, கட்டி உள்ளே உருகி ஓடுகிறது, அதன் உப்பும் நாட்பட்ட வாடையும் சாக்கேயோடு சேரும்போது மதுவின் இனிப்பு மேலெழுந்து தெரிகிறது. சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். பேச்சில் மறந்துவிட்டால் கட்டி இறுகிவிடும்.

இங்கே சாக்கே என்றால் ரியோஸெகி மட்டும்தான். அகிதா மாநிலத்தின் யுஸாவா ஊரில் 1874 முதல் இயங்கிவரும் ஆலையின் மது அது. நூறு புட்டிகளை வரிசையாக அடுக்கிவைத்திருக்கும் இன்றைய டோக்கியோ மதுக்கடைகளுக்குப் பழகியவர்கள் இதைக் குறையாகச் சொல்லலாம். என் கருத்து நேர்மாறானது. ஒரே ஆலையின் மதுவைப் பல பத்தாண்டுகளாகப் பரிமாறி வரும் கடைக்கு, அதை எந்தச் சூட்டில் எந்த உணவோடு தர வேண்டும் என்பது கைவந்த கலையாகிவிடுகிறது. யுஸாவா கடும் பனி விழும் ஊர். குளிர்காலத் தயாரிப்பில் அரிசிக் கூழ் மெதுவாகப் புளித்து, மதுவில் கூர்மை தணிந்த, சுத்தமான சுவை வருகிறது. சாக்கேயைச் சூடாக்குவதும் இங்கே ஒரு வேலைதான்: மது நிரம்பிய குடுவையை வெந்நீரில் இறக்கி, கையால் தொட்டுப் பார்த்து எடுக்கிறார்கள். சுமார் 40 பாகை சூட்டில் இருப்பது நுருகான், 50ஐ ஒட்டியது அட்சுகான். நுதாவுக்குக் குளிர்ந்த மதுவும் மத்திக்கு நுருகானும் நன்றாகப் பொருந்தின. சாக்கேயை அளக்கும் கோ என்ற அளவில் ஒன்று 180 மில்லிலிட்டர். ஆல்கஹால் பொதுவாக 15, 16 விழுக்காடு. இளஞ்சூட்டில் வழுவழுவென்று இறங்குவதால் அளவு தெரியாமல் போய்விடும். இடையிடையே தண்ணீர் கேட்டுக் குடியுங்கள், தயங்காமல் தருவார்கள்.

மொழி தெரியாதவர்களுக்குப் பழைய இஸகாயாக்கள் அச்சம் தரும் இடங்கள். சுவரில் ஒட்டிய கையெழுத்துச் சீட்டுகளே உணவுப் பட்டியலாக இருக்கும். ஷின்சுகேயில் பரிமாறுகிறவர்கள் ஆங்கிலத்தில் ஒவ்வோர் உணவையும் பொறுமையாக விளக்குகிறார்கள். நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடாமல் இரண்டிரண்டாகக் கேட்பது. பச்சை மீன், பிறகு சுட்டது, பிறகு பொரித்தது என்று மெல்ல நகர்வதே இந்த மேசையின் நடை. முடிந்ததும் அரட்டையில் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்காமல் எழுந்துவிடுவது அடுத்து வருகிறவருக்குச் செய்யும் மரியாதை.

சைவ உணவு உண்பவர்களுக்கு இந்தக் கடையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பொதுவாக எந்த இஸகாயாவையும் பரிந்துரைக்க மாட்டேன். காய்கறியும் டோஃபுவும் பட்டியலில் இருக்கும், ஆனால் அவை வேகும் சாறு கட்சுவோபுஷியால் ஆனது. அது கிட்டத்தட்ட நம் மாசிக் கருவாடுதான். சூரையை வேகவைத்து, புகைபோட்டு, கட்டையாக உலர்த்தி, சீவி எடுப்பது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சாறு எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருப்பது நமக்கும் தொல்லை, அவர்களுக்கும் தொல்லை. மது தவிர்ப்பவர்களும் கவனிக்க வேண்டும்: சமையலிலேயே சாக்கேயும் மிரின் என்ற இனிப்பு அரிசி மதுவும் பரவலாகச் சேரும். அத்தகைய நண்பர்கள், கடற்பாசியிலும் ஷிடாகே காளானிலும் சாறு எடுக்கும் பௌத்த மடங்களின் ஷோஜின் உணவைத் தேடிப் போவதே நல்லது.

விலையைப் பொறுத்தவரை, இருவர் வயிறாரச் சாப்பிட்டு அளவாகக் குடித்ததற்கு ஏறக்குறைய 15,000 யென் ஆனது. சாதாரண இஸகாயாவைவிட இது கூடுதல்தான். ஆனால் நல்ல சுஷிக் கடைகளில் ஒருவருக்கே இதைவிட அதிகம் ஆகிவிடும். ஜப்பானில் உணவகச் சாப்பாட்டுக்கு 10 விழுக்காடு நுகர்வு வரி உண்டு. டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் கிடையாது, மேசையில் வைத்துவிட்டு வந்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பித் தருவார்கள்.

கடை மாலையில்தான் திறக்கும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறை நாட்களிலும் மூடியிருக்கும் என்பதால் நாளைப் பார்த்துத் திட்டமிடுங்கள். தங்கும் விடுதியின் வரவேற்பில் சொல்லி முன்பதிவு செய்துகொள்வது உத்தமம். கல்விக்குரிய தெய்வமாக சுகவாரா நோ மிச்சிசானேயை வழிபடும் யுஷிமா தென்ஜின் கோயில் அருகிலேயே இருக்கிறது. தேர்வு எழுதும் மாணவர்கள் மரப்பலகைகளில் வேண்டுதல் எழுதித் தொங்கவிடும் இடம் அது. பிப்ரவரியில் அங்கே பிளம் மரங்கள் பூக்கின்றன. அந்த மாதத்தில் டோக்கியோவில் இருக்க நேர்ந்தால், பிற்பகலில் கோயிலைப் பார்த்துவிட்டு, கடை திறக்கும் நேரத்துக்கே போய் மேசையில் இடம் பிடித்துவிடுங்கள். குளிரில் நடந்து வந்த உடம்புக்கு நுருகான் இன்னும் இதமாக இருக்கும்.