காய்ந்த மணலின் அடர்த்தி: கோர் கட்டரா, மணல் மாற்று முறையா, வளையமா?

தனுஷ்கோடி மணல்மேடும் சாயல்குடிப் பக்கத்துச் செம்மணல் தேரியும் ஒரே மாவட்டத்தில்தான் இருக்கின்றன. ஆனால் ஒன்றுக்கு ஒத்துவரும் கருவி மற்றொன்றுக்கு ஒத்துவராது. பாலைவனத்தில் உள்ள தொல்லைதான் தனுஷ்கோடியிலும்: காய்ந்த மணலில் தோண்டிய குழி நிற்காது.

மணலில் சின்னப் பிழையே பெரிதாகிவிடும். மிகத் தளர்ந்த நிலை 1.45, மிக இறுகிய நிலை 1.70 (கன செ.மீ.க்கு கிராம்) என்று வைத்துக்கொள்வோம். உலர் அடர்த்தி 1.55 என்றால் ஒப்படர்த்தி (அந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே மணல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதன் அளவு) 44 சதவீதம், 1.59 என்று தவறாக அளந்தால் அது 60 சதவீதம். மணல் உள்ளதைவிட அதிகம் இறுகியது என்று நம்பி அதன்மேல் அஸ்திவாரம் போட்டுவிடுவோம்.

கோர் கட்டர், அதாவது மண்ணுக்குள் அடித்து இறக்கி மாதிரி எடுக்கும் எஃகு உருளை (உள்விட்டம் 100 மி.மீ., உயரம் 130 மி.மீ.), வேகமானது, ஆனால் களிமண் கலந்து ஒட்டும் மண்ணுக்கு உரியது. ஈரம் பிடித்த தேரி மண்ணில் நன்றாகவே நிற்கும். காய்ந்த கடற்கரை மணலில் சுத்தியல் அடிக்கு மணல் அமுங்கும். உள்ளே மணல்மட்டம் வெளிமட்டத்தைவிடத் தாழ்ந்திருந்தால் அந்த மாதிரியை வீசிவிடுங்கள். தூக்கும்போது அடிவழியே கொட்டுவது தனி.

மணல் மாற்று முறைதான் (குழி தோண்டி, அடர்த்தி தெரிந்த ஊற்றுமணலை அதில் ஊற்றிக் குழியின் கொள்ளளவைக் காண்பது) எங்கள் முதல் தேர்வு, மேல்மணலை விலக்கி ஈரமணல் வரை போக முடிந்தால். அங்கே தட்டை மட்டமாக வைத்து, அதன் 100 மி.மீ. துளை வழியே கரண்டியால் 15 செ.மீ. ஆழம் தோண்டுங்கள். எடுத்த மணலை உடனுக்குடன் மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். குழியோரம் முழங்கால் ஊன்றினால் சுவர் உள்ளே பிதுங்கும். கொள்ளளவு குறைந்து அடர்த்தி கூடுதலாகக் காட்டும். ஊற்றும்போது பக்கத்தில் லாரி போனால் நேர்மாறு: அதிர்வில் ஊற்றுமணல் இறுகி அதிகம் இறங்கும், அடர்த்தி குறைவாகக் காட்டும். ஊற்றுமணல் 1 மி.மீ. சல்லடையில் இறங்கி 600 மைக்ரானில் தங்குவதாக இருக்க வேண்டும். கடற்காற்றின் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். உலர்த்தி, இறுக மூடிய வாளியில் வையுங்கள். இங்குள்ள மேட்டுமணல் பெரும்பாலும் அதைவிட நைஸ் என்பதால், வேலை முடிந்ததும் சலித்தே ஊற்றுமணலை மீட்டுவிடலாம்.

தண்ணீர் தெளித்துக் குழியை நிறுத்தலாம் என்பார்கள். வேண்டாம், தளர்ந்த மணல் நனைந்ததும் அமுங்கக்கூடும்.

காய்ந்த மேல்மணலையே அளக்க வேண்டுமானால் மெல்லிய வளையம்தான்: உள்விட்டம் 100 மி.மீ., உயரம் 50 மி.மீ., தகடு 1 மி.மீ., அடிவிளிம்பு வெளிப்பக்கமாகக் கூராக்கியது. மேலே பலகை வைத்துக் கையால் அழுத்துங்கள், அடிக்கக் கூடாது. சுற்றிலும் மணலை ஒதுக்கி, அடியில் தகரத்தை நேராகச் செருகி, மேலே வழித்து எடை போடுங்கள். கொள்ளளவு 392.7 கன செ.மீ. மட்டத்தில் 1 மி.மீ. தவறினால் 2 சதவீதப் பிழை. அதனால் ஒரே இடத்தில் மூன்று எடுங்கள், 0.03-க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றையும் திரும்ப எடுங்கள்.

ரப்பர் பலூன் முறை (குழிக்குள் பலூனைத் தண்ணீரால் நிரப்பிக் கொள்ளளவு காண்பது) இங்கே சரிப்படாது. அழுத்தத்தில் தளர்ந்த சுவர் பின்வாங்கிக் குழி பெரிதாகும். சிப்பித் துண்டும் சீமைக்கருவேல முள்ளும் பலூனைக் கிழித்துவிடும்.

எந்த முறையானாலும் உலர் அடர்த்தி காண ஈரத்தின் அளவு வேண்டும். அதைக் கார்பைடு மீட்டரில் (கார்பைடு மண்ணின் ஈரத்தோடு சேர்ந்து கிளப்பும் வாயுவின் அழுத்தத்தை வைத்து ஈரம் காட்டும் கருவி) பார்த்தால் ஒன்றைக் கவனியுங்கள்: அது ஈரமண் எடைக்குத்தான் சதவீதம் காட்டும். 5 என்று காட்டினால், 5-ஐ 95-ஆல் வகுத்து, உலர் எடைக்கு 5.26 சதவீதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.