குழாய் வந்த தெருவில் கிணறும் செப்டிக் டேங்கும்

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு காட்பாடியை ஒட்டிய எங்கள் தெருவுக்குப் போனபோது, ஒவ்வொரு வாசலிலும் குடிநீர்க் குழாய் நின்றிருந்தது. வேலூரில் ஆறு உண்டு, நீர் இல்லை என்று ஊரார் வேடிக்கையாகச் சொல்வதுபோல, பாலாற்றின் பக்கத்திலேயே இருந்தும் இத்தனை காலம் கிணற்றையும் போர்வெல்லையும் கேன் தண்ணீரையும் நம்பி வாழ்ந்த தெரு இது. இப்போது மேட்டூரிலிருந்து வரும் காவிரி நீர் நான்கு நாளுக்கு ஒருமுறை வந்து சம்ப்பை நிறைக்கிறது. இணைப்புக்கு அலைந்த கதை தனி. கிடைத்துவிட்டது என்பதே பெரிது.

இருந்தாலும் அத்தை கிணற்றை விடவில்லை. குடிக்கவும் சமைக்கவும் குழாய் நீர். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவக் கிணற்று நீர். குழாய் வராத நாள் நீண்டால் குடிக்கவும் அதே கிணறுதான். அந்த நீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தேன். கழிவுநீரிலிருந்தும் நிலத்தடி நீரில் கலக்கும் நைட்ரேட், லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற இந்தியத் தர வரம்பைத் தாண்டியிருந்தது. கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டும் கோலிஃபார்ம் கிருமிகளும் இருந்தன. "காய்ச்சித்தானே கண்ணு குடிக்கிறோம்" என்றார் அத்தை. காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது, நீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

காரணம் வீட்டின் பின்புறத்திலேயே இருந்தது. எங்கள் செப்டிக் டேங்க் கட்டிய நாளிலிருந்து நிரம்பியதே இல்லை என்று வீட்டார் பெருமையாகச் சொல்வார்கள். நிரம்பாத தொட்டி என்றால் அடியில் ஒழுகும் தொட்டி என்றே பொருள். வேலூர்ப் பகுதி கடினப் பாறை நிலம். மேலே சிறிது மண்ணும் சிதைந்த பாறையும், அதற்குக் கீழே வெடிப்புகளும். மண்ணில் வடிகட்டப்படாத கழிவுநீர் அந்த வெடிப்புகளில் இறங்கினால் கிணற்றைச் சேர அதிக நாள் ஆகாது. தொட்டியின் கழிவுநீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டர், அதாவது ஏறத்தாழ 59 அடி, இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. எங்கள் மனை முப்பதுக்கு நாற்பது. மூலைக்கு மூலை அளந்தாலும் 50 அடிதான். நம் குழியைத் தள்ளிக் கட்டினால் அது பக்கத்து வீட்டுக் கிணற்றை நெருங்கும்.

செப்டிக் டேங்க் வைத்திருப்பதில் தாழ்வு ஒன்றும் இல்லை. நான் வசிக்கும் அமெரிக்காவிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீட்டுக்கு அதுதான். என் வீட்டுக்கும் அதுதான். ஆனால் அங்கே என் மனை அரை ஏக்கர். மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் தொட்டியைக் காலி செய்துவிடுவது வழக்கம்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. நகரக் குடிநீர்த் திட்டங்களுக்கான மத்திய அரசின் 1999ஆம் ஆண்டுக் கையேடு, பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டரும், இருக்கும் அல்லது வரவிருக்கும் ஊருக்கு 135 லிட்டரும் என்று கணக்கிட்டது. வீட்டுக்குள் வரும் நீரில் பெரும்பகுதி கழிவாக வெளியேறித்தான் ஆக வேண்டும் என்பதை அறிந்தே போட்ட கணக்கு அது. எங்கள் தெருவிலோ குழாய் வந்ததும் வாளிக் குளியல் ஷவர் ஆகிவிட்டது, மாடியில் இரண்டாவது கழிப்பறை எழுந்துவிட்டது. பின்புறத்துத் தொட்டி மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது. குழாய்க்காகத் தோண்டி மூடிய தெருவைச் சாக்கடைக்காக மறுபடி எப்போது தோண்டுவார்கள் என்று கேட்டேன்; உறுதியான தேதி யாரிடமும் இல்லை.

அதுவரை கிணற்று நீரைக் குடிக்க எடுப்பதில்லை என்று அத்தையிடம் வாக்கு வாங்கிக்கொண்டு, அதற்காகவே இன்னொரு சின்டெக்ஸ் தொட்டி வாங்கிக் குழாய் நீரைச் சேமிக்க வைத்தேன். கழிவுநீர் லாரியை வரவழைத்துத் தொட்டியை உறிஞ்சச் செய்தேன். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கிக் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்வதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருப்பதால், கழிவை அள்ள உள்ளே யாரும் இறங்கக் கூடாது என்று முன்கூட்டியே பேசிக்கொண்டேன். காலியான பிறகு கொத்தனார் அடியைப் பார்த்தார்: சிமென்ட் தளமே இல்லை, வெறும் ஜல்லி. தளம் போட்டு, சுவர் பூசி மூடியதும், அடுத்து எப்போது லாரியைக் கூப்பிட வேண்டும் என்று மூடியின் மேல் பெயின்ட்டால் எழுதிவிட்டு வந்தேன். "இனிமே இது நிரம்புமேடா" என்று அத்தை கவலைப்பட்டார்.