'கிறிஸ்துமஸ் கரோல்' கட்டுரை: கதை வரிசையா, ஆள் வரிசையா, வாத வரிசையா?

டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கரோல்' குறுநாவலில் சமூகப் புறக்கணிப்பு எப்படிக் காட்டப்படுகிறது? இங்கிலாந்தில் ஜிசிஎஸ்இ என்ற பள்ளிப் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வேஷத்தில் வந்துகொண்டே இருக்கும். கதை எல்லோருக்கும் தெரியும்: கஞ்ச முதலாளி ஸ்க்ரூஜ், கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் வரும் ஆவிகளால் மனம் திருந்துகிறான். எதை முதலில் சொல்வது, எதை விடுவது என்பதில்தான் தடுமாற்றம். கதை போகிற வரிசையில் போகலாம், ஆள் ஆளாக எடுக்கலாம், வரலாற்றை முன்னே நிறுத்தலாம், அல்லது ஒரு வாதத்தைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போகலாம். என் ஓட்டு கடைசி வழிக்கு. மற்றவை வீண் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றை நன்றாகச் செய்கிறது.

கதை வரிசை பாதுகாப்பானது. புத்தகம் ஐந்து ஸ்டேவ்களாக (அத்தியாயங்களுக்கு டிக்கன்ஸ் வைத்த பெயர்) பிரிந்திருக்கிறது, கட்டுரையும் ஐந்து பத்தி. தேர்வறையில் புத்தகம் கையில் இருக்காது என்பதால், ஞாபகத்துக்கு இது நல்ல கைப்பிடி. ஆனால் 'அடுத்து ஆவி வந்தது, அப்புறம் இன்னொரு ஆவி வந்தது' என்று கதைச்சுருக்கமாக நழுவிவிடும். இரண்டாவது ஸ்டேவில் வேறொரு சிக்கலும் உண்டு. நண்பர்கள் கைவிட்டதால் விடுமுறையிலும் பள்ளியில் தனியே உட்கார்ந்திருக்கும் சிறுவன் ஸ்க்ரூஜ் அங்கே வருகிறான். அது தனிமனிதத் துயரம். வரிசைக்காக அதற்கும் ஒரு முழுப் பத்தி கொடுத்தால், ஏழைகளைப் பற்றிய கேள்வி ஸ்க்ரூஜின் இளமைக் கதையாகிவிடும்.

ஆள் வரிசையில் கிட்டே போய்ப் பார்க்க முடிகிறது. ஸ்க்ரூஜின் குமாஸ்தா பாப் க்ராட்சிட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வாரச் சம்பளம் 15 ஷில்லிங், கேம்டன் டவுனில் நாலு அறை வீடு, ஆறு பிள்ளைகள். அலுவலகத்தில் அவன் முன்னால் எரிவது ஒற்றைக் கரித்துண்டு போலத் தெரியும் நெருப்பு. கரிப்பெட்டி முதலாளியின் அறையில் இருக்கிறது. போய்க் கேட்டால் வேலை போய்விடும். அதனால் கம்பளிக் கழுத்துத்துணியைச் சுற்றிக்கொண்டு மெழுகுவத்தியில் குளிர்காயப் பார்க்கிறான். பண்டிகை வாத்து வேகிறதும் வீட்டில் இல்லை, பேக்கரி அடுப்பில். இதையெல்லாம் எழுதுகிற மாணவர் நிச்சயம் மதிப்பெண் வாங்குவார்.

ஆனால் க்ராட்சிட்டுகள் அடிமட்டத்தில் இருப்பவர்கள் இல்லை. வேலை இருக்கிறது, கூரை இருக்கிறது. அவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கு இந்தக் கதையில் பெயரே கிடையாது. முதல் ஸ்டேவின் கடைசியில் ஸ்க்ரூஜ் ஜன்னல் வழியே பார்க்கிறானே, அந்தக் காட்சி: வானம் முழுக்க ஆவிகள் அலைகின்றன. அவற்றில் ஒன்று வெள்ளை வெயிஸ்ட்கோட் போட்டிருக்கிறது, கணுக்காலில் பெரிய இரும்புப் பெட்டகம் கட்டியிருக்கிறது. கீழே ஒரு வாசற்படியில் கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு உதவ முடியவில்லையே என்று அது கதறுகிறது. உதவ ஆசை வந்த நேரத்தில் சக்தி போய்விட்டது. சமூகப் புறக்கணிப்புக்கு இதைவிடக் கூர்மையான படம் நாவலில் இல்லை என்பேன். ஆனால் ஸ்க்ரூஜ், பாப், பாப்பின் நோயாளி மகன் டிம் என்று தலைப்புப் போட்டு எழுதும் கட்டுரையில் இந்தப் பெண்ணுக்கு இடமே இருக்காது. அதோடு, ஆள் வரிசையில் புறக்கணிப்பு என்பது ஒரு கஞ்சனின் குணக்கோளாறாகச் சுருங்கிப்போகும். அவன் திருந்தினான், கதை முடிந்தது.

வரலாற்றை முன்னே வைப்பவர்களுக்குச் சரக்குக்குப் பஞ்சமில்லை. 1834 ஏழைகள் சட்டத் திருத்தம். கதியற்ற ஏழைகளைச் சேர்த்து வேலை வாங்கி, கணவன், மனைவி, பிள்ளைகளைத் தனித்தனியே பிரித்து வைத்த வொர்க்ஹவுஸ்கள். 1843இல் வந்த குழந்தைத் தொழிலாளர் அறிக்கை. அதைப் படித்துக் கொதித்த டிக்கன்ஸ் முதலில் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதத்தான் நினைத்தார். அந்த எண்ணத்தைக் கைவிட்டார். செப்டம்பரில் லண்டன் ஃபீல்ட் லேனில் இருந்த ஏழைச் சிறுவர் பள்ளிக்குப் போய்ப் பார்த்தார். டிசம்பர் 19ஆம் தேதி இந்தக் கதை வெளிவந்துவிட்டது. அவருடைய அப்பா கடனுக்காக மார்ஷல்ஸீ சிறைக்குப் போனதும், 12 வயதில் அவரே பூட்ஸ் பாலிஷ் ஆலையில் வேலை பார்த்ததும் தெரிந்த கதை.

எல்லாம் சரி, இதற்கு எவ்வளவு கிடைக்கும்? ஏ.க்யூ.ஏ. என்ற தேர்வு வாரியத்தின் தாளில் இந்தக் கட்டுரைக்கு 30 மதிப்பெண், அதில் காலச்சூழலுக்கு 6. முதல் பக்கம் முழுக்க ஆண்டுகளை அடுக்குவது கட்டுப்படியாகாது. வரலாற்றை உப்பு மாதிரி தேவைப்படுகிற இடத்தில் மட்டும் போட வேண்டும். 'உபரி மக்கள்தொகை' என்று ஸ்க்ரூஜ் சொல்லும் இடத்தில் மக்கள்தொகை உணவை மிஞ்சிவிடும் என்று எச்சரித்த மால்தஸ் ஒரே வரியில் வந்தால் போதும்.

இனி வாத வரிசை. முதலில் ஒரு வாக்கியம் வேண்டும். 'ஸ்க்ரூஜ் ஏழைகளைப் புறக்கணிக்கும் கொடியவன்' என்பது வாதம் இல்லை, யாரும் மறுக்க மாட்டார்கள். 'ஸ்க்ரூஜின் புறக்கணிப்பு தெரியாமையால் வருவதில்லை. அவனிடம் பதில் தயாராக இருப்பதால் வருகிறது' என்றால் அது வாதம். நன்கொடை கேட்டு வரும் இரண்டு கனவான்களிடம் அவன் என்ன சொல்கிறான்? சிறைகள் இல்லையா, வொர்க்ஹவுஸ்கள் இல்லையா, அவற்றுக்கு நானும்தானே பணம் கட்டுகிறேன் என்கிறான். பலரால் அங்கே போக முடியாது, பலர் அதற்குச் சாவதே மேல் என்பார்கள் என்று பதில் வருகிறது. அப்படியானால் செத்து உபரியைக் குறைக்கட்டும் என்கிறான். கூடவே, அதெல்லாம் எனக்குத் தெரியாது என்று ஒரு நழுவல். தெரிந்துகொள்ளலாமே என்கிறார் கனவான். அது என் வேலை இல்லை என்று முடித்துவிடுகிறான்.

மொத்தக் கட்டுரையும் இந்த உரையாடலிலிருந்து கிளைக்கும். அன்று இரவே, செத்துப்போன கூட்டாளி மார்லியின் ஆவி வந்து மனிதகுலம்தான் என் வேலையாக இருந்தது என்று புலம்புகிறது. வாசற்படிப் பெண் அதற்கு அடுத்து வருகிறாள். மூன்றாவது ஸ்டேவில் டிம் பிழைப்பானா என்று ஸ்க்ரூஜ் கேட்டதும், உபரி பற்றிய அவன் சொல்லையே அங்கே வரும் வேறொரு ஆவி திருப்பி எறிகிறது. பிறகு அங்கியை விலக்கி அறியாமை, இல்லாமை என்ற இரண்டு குழந்தைகளைக் காட்டுகிறது. இவர்களுக்குப் போக்கிடம் இல்லையா என்று ஸ்க்ரூஜ் கேட்டால், சிறைகள் இல்லையா என்று அவன் கேள்வியே பதிலாக வருகிறது. இருவரில் பையனுக்குத்தான், அதாவது அறியாமைக்குத்தான், அதிகம் பயப்படச் சொல்கிறது ஆவி. ஃபீல்ட் லேன் பள்ளியைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான்காவது ஸ்டேவில், திருட்டுச் சாமான் வாங்கும் ஜோவின் கடை இருக்கும் சேரி. அங்கே ஸ்க்ரூஜ் கால் வைத்ததே இல்லை, ஆனால் அது எங்கே இருக்கிறது, என்ன பெயர் வாங்கிய இடம் என்று தெரியும். பலர் தாண்டிப் போய்விடும் அந்த ஒரு வரி வாதத்துக்கு நேரடிச் சாட்சி.

இந்த வழியிலும் ஓட்டை உண்டு. சாட்சி குறைந்தால் மேடைப் பேச்சாகிவிடும். ஐந்தாவது ஸ்டேவும் சற்று இடிக்கும். ஸ்க்ரூஜ் பழைய பாக்கியும் சேர்த்துப் பெருந்தொகை தருகிறான், பாப்பின் சம்பளத்தை உயர்த்துகிறான். வொர்க்ஹவுஸ் அப்படியே நிற்கிறது. இதை மறைக்காமல், டிக்கன்ஸ் மனதை மாற்றினார், சட்டத்தைத் தொடவில்லை என்று எழுதுகிற மாணவர்தான் மேலே போவார்.

அந்தத் தாளில் ஷேக்ஸ்பியர் கட்டுரையும் இதுவுமாக 1 மணி 45 நிமிடம்தான். திட்டத்துக்கு 5 நிமிடத்துக்கு மேல் ஒதுக்க முடியாது. ஞாபகம் தடுமாறும் பிள்ளை என்றால் கதை வரிசையையே வைத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு பத்தியின் முதல் வரியும் அந்த வாதத்தைத் தொட்டால் போதும். வினாத்தாளில் கொடுத்த பகுதி, ஸ்க்ரூஜின் இளமைக்கால முதலாளி ஃபெஸிவிக்கின் விருந்தாக இருந்தாலும் பதற வேண்டாம். வேலையாட்களின் பாட்டை லேசாக்கவும் பாரமாக்கவும் முதலாளியால் முடியும் என்று ஸ்க்ரூஜே அங்கே ஒப்புக்கொள்கிறான், தன் குமாஸ்தாவிடம் ஒரு வார்த்தை பேசினால் தேவலை என்று நினைக்கிறான். அங்கிருந்து நேரே பாப்பின் கரித்துண்டுக்குப் போய்விடலாம்.