கணக்குக் கேட்பதா, ரயில் ஏறுவதா?

அமெரிக்கத் தெற்கில் அடுத்தவர் நிலத்தில் பருத்தியை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, பயிரிட்ட கறுப்பினக் குடும்பத்துக்கு விளைச்சலில் பாதி என்பது பேச்சு. ஆனால் விதை, மாவு, துணி எல்லாமே கடன். பேரேடு நிலக்காரர் கையில். பருத்தியை எடை போடுவதும் அவர், விலை சொல்வதும் அவர். வருடக் கடைசியில் பெரும்பாலும் பாக்கிதான் மிஞ்சும்.

சரி, என்ன செய்வது? ஊரிலேயே நின்று, சங்கம் சேர்ந்து கணக்குக் கேட்கலாம். 1919 செப்டம்பர் 30 இரவு, ஆர்கன்சா மாநிலத்தின் எலைன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு தேவாலயத்தில் அதற்காகத்தான் கூடினார்கள். துப்பாக்கிச் சூடு மூண்டது. அடுத்த நாட்களில் வெள்ளைக் கும்பல்கள் கண்ணில் பட்ட கறுப்பினத்தவரை எல்லாம் வேட்டையாடின. இத்தனைக்கும் பிறகு மரண தண்டனை விதிக்கப்பட்டது கறுப்பினத்தவர் 12 பேருக்கு! பல வருட வழக்குக்குப் பிறகே அவர்கள் வெளியே வந்தார்கள்.

இல்லையென்றால், கடனை அப்படியே விட்டுவிட்டு இரவோடு இரவாகச் சிகாகோவுக்கு ரயில் ஏறலாம். 1970 வரை சுமார் 60 லட்சம் பேர் தெற்கை விட்டு வெளியேறினார்கள். வடக்கிலும் நிம்மதி இல்லை. அதே 1919 கோடையில் சிகாகோ கலவரத்தில் இறந்த 38 பேரில் 23 பேர் கறுப்பினத்தவர். இருந்தும் நான் ரயிலைத்தான் சொல்வேன். அங்கே கூலி காசாகக் கைக்கு வந்தது, ஓட்டும் போட முடிந்தது.