உறைய வைத்த ப்ராக்கோலிக் கலவை: பொட்டலத்தின் மேல் இருப்பதும் உள்ளே இருப்பதும்

ப்ராக்கோலி, காலிஃபிளவர், குட்டிக்கோசு போலிருக்கும் பிரஸ்ஸல்ஸ் ஸ்பிரவுட்ஸ் ஆகிய மூன்றையும் நறுக்கி, உறைய வைத்து, ஒரே பொட்டலமாக விற்கும் கலவை ஒன்றை இரண்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். மூன்றும் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் சொல்லவிருக்கும் முக்கியமான குறை, காய்கறிகளை உறைய வைக்கும் முறைக்கே பொதுவானது.

துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாததால், வேண்டிய அளவை எடுத்துக்கொண்டு மீதியை அப்படியே ஃப்ரீசரில் வைத்துவிட முடிகிறது. ப்ராக்கோலியின் பச்சை நிறம் கடைசி வரை மங்கவில்லை. காலிஃபிளவர் தண்ணீர் விட்டுக் குழைந்துவிடுகிறது. ஸ்பிரவுட்ஸின் வெளி இதழ்கள் வெந்து கூழான பிறகும் நடுப்பகுதி கடிபடாமல் நிற்கிறது.

பொட்டலத்தின் முன்பக்கத்தில் ‘சல்ஃபோராஃபேன் நிறைந்தது’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். என் முதன்மையான புகார் இந்த வரியைப் பற்றியதுதான். உடலின் நச்சு நீக்கும் நொதிகளைத் தூண்டக்கூடிய இந்தச் சேர்மத்தை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் டலலேயின் குழுவினர் 1992இல் ப்ராக்கோலியிலிருந்து பிரித்தெடுத்தனர். ஆனால் முழுக் காயில் இது ஏறக்குறைய இருப்பதே இல்லை. குளுக்கோராஃபனின் என்ற மூலப்பொருளும், மைரோசினேஸ் என்ற நொதியும் செல்களில் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. நாம் நறுக்கும்போதோ மெல்லும்போதோ அவை சந்தித்த பிறகே சல்ஃபோராஃபேன் உருவாகிறது. காய்கறிகளை உறைய வைப்பதற்கு முன்பு, நிறமும் மணமும் கெடாதிருக்க, வெந்நீரிலோ நீராவியிலோ சிறிது நேரம் காட்டி எடுப்பது வழக்கம். அந்தச் சூட்டில் மைரோசினேஸும் செயலிழந்துவிடுகிறது. இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடைகளில் விற்கும் உறைய வைத்த ப்ராக்கோலியைச் சோதித்து, அதில் சல்ஃபோராஃபேன் உருவாகும் திறன் பெரும்பாலும் போய்விட்டதை 2013இல் வெளியிட்டனர். குடலில் வாழும் பாக்டீரியாக்கள் இந்த வேலையை ஓரளவு செய்யும். ஆனால் அந்த அளவு குறைவு, ஆளுக்கு ஆள் மாறவும் செய்யும். பொட்டலத்தில் இருப்பது மூலப்பொருள் என்னும் மாவு மட்டுமே. அதைப் பிசையும் கையான நொதி முன்பே வெட்டப்பட்டுவிட்டது.

இதற்கு மாற்று அதே குடும்பத்திலேயே இருக்கிறது. கடுகிலும் மைரோசினேஸ் உண்டு. வேகவைத்த 200 கிராம் ப்ராக்கோலியோடு 1 கிராம் கடுகுத்தூள் சேர்த்து உண்டவர்களின் சிறுநீரில், சல்ஃபோராஃபேன் உடலில் சேர்ந்ததைக் காட்டும் பொருள்கள் நான்கு மடங்குக்கு மேல் இருந்ததாக 2018இல் வெளியான சிறு ஆய்வு ஒன்று காட்டியது. அதன்படி, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு, பச்சைக் கடுகை அரைத்த தூளைச் சிறிது தூவிக்கொள்கிறேன். சூட்டில் பொரிந்த கடுகால் பயனில்லை. என் உடலுக்குள் என்ன நடந்தது என்பதை அளக்கும் வசதி எனக்கில்லை. ஆனால் அந்த மெல்லிய காரம், உறைய வைத்த காயின் சப்பென்ற சுவைக்குப் பொருத்தமாகவே இருக்கிறது.

சமைக்கும் முறை என்று பின்பக்கத்தில் கொடுத்திருப்பதைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். பத்து நிமிடம் நிறைய நீரில் கொதிக்கவிட்டு, நீரை வடித்துவிடச் சொல்கிறார்கள். வைட்டமின் சி, ஃபோலேட், மேற்சொன்ன மூலப்பொருள் ஆகிய எல்லாமே நீரில் கரைபவை. வடிக்கும் நீரோடு அவற்றில் ஒரு பகுதி போய்விடும். ஏற்கெனவே அரைவேக்காடான காய் என்பதால், மூன்று அல்லது நான்கு நிமிடம் ஆவியில் வைத்தாலே போதும். புதிய ப்ராக்கோலி 100 கிராமில் ஏறத்தாழ 89 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கும். உறைய வைத்ததில் அது சற்றுக் குறையும் என்றாலும், நார்ச்சத்துக்கும் வைட்டமின் கேவுக்கும் பெரிய இழப்பில்லை.

இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். வார்ஃபரின் என்னும் இரத்த உறைவுத் தடுப்பு மருந்தை உட்கொள்பவர்கள் இக்காய்களைத் திடீரென்று கூட்டினாலும் குறைத்தாலும் மருந்தின் வேகம் மாறும். பொட்டலத்தில் ‘புற்றுநோயைத் தடுக்கும்’ என்றும் துணிந்து அச்சிட்டவர்களுக்கு இதைச் சொல்ல ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. காய்கறி அதிகம் உண்பவர்கள் பெரும்பாலும் புகைபிடிப்பதைத் தவிர்த்து, உடற்பயிற்சியும் செய்பவர்களாக இருப்பதால், புற்றுநோய் குறைவதற்குக் காயே காரணம் என்று பிரித்துச் சொல்வது எளிதன்று.

இக்குடும்பக் காய்கள் தைராய்டு சுரப்பைக் குறைக்கும் என்ற அச்சத்துக்கு, அயோடின் போதிய அளவு கிடைப்பவர்களிடத்தில், சமைத்த காயை மிதமாக உண்ணும் வரை இடமில்லை. தைராய்டு சுரப்பு கடுமையாகக் குறைந்தவராக மருத்துவ இதழொன்றில் 2010இல் பதிவான 88 வயது மூதாட்டி, பாக் சோய் என்னும் கீரைக்கோசைப் பச்சையாகவே தினமும் ஒரு கிலோவுக்கும் மேல் மாதக்கணக்கில் தின்று வந்தவர்.

அடுத்த முறை ப்ராக்கோலி மட்டுமே உள்ள பொட்டலத்தைத்தான் வாங்குவேன். காலிஃபிளவரைப் புதிதாக வாங்கி நறுக்கும் சிரமத்தை ஏற்றுக்கொள்ளலாம். காய்க்கு ஐந்தில் மூன்றரை, அட்டை வாசகத்துக்கு ஒன்று.