கிராஸ்டர் – டன்ஸ்டன்பரோ வட்ட நடை: வயதான பெற்றோரோடு போகலாமா?

தாராளமாகப் போகலாம். நியூகாசிலில் இருக்கும் நான், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், எங்கே கூட்டிப் போகலாம் என்று யார் கேட்டாலும் இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்து பகுதியில் இருக்கும் இந்த நடையைத்தான் சொல்கிறேன். கிராஸ்டர் என்ற மீனவக் கிராமத்தில் கிளம்பி, கடலோரமாகவே போய், டன்ஸ்டன்பரோ என்ற இடிந்த கோட்டையைத் தாண்டி, வயல் வழியாகத் திரும்பி வர சுமார் 8 கிலோமீட்டர். ஏற்றம் என்று பெரிதாக எதுவும் இல்லை. என் அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. உட்கார்ந்து உட்கார்ந்து நடந்ததில் அரை நாள் ஆனது, அவ்வளவுதான்.

கார் நிறுத்துமிடம் ஒரு பழைய கல்குவாரி. கட்டணம் உண்டு, கழிப்பறையும் அங்கேயே இருக்கிறது. ஒருமுறை போய்விட்டே கிளம்புங்கள். இங்கே வெட்டிய கருங்கல் லண்டன் தெருக்களுக்கு ஓரக்கல்லாகப் போயிருக்கிறது. துறைமுகத்தின் முனையில் நிற்கும் கான்கிரீட் கட்டுமானம் அந்தக் கல்லைக் கப்பலில் ஏற்றிய காலத்தின் மிச்சம். துறைமுகத்தையே கிராஸ்டர் குடும்பத்தினர் 1906-இல், பிரிட்டிஷாரின் திபெத் படையெடுப்பில் இறந்த தங்கள் வீட்டுப் பிள்ளையின் நினைவாகக் கட்டினார்கள். அம்மா நாகப்பட்டினத்துக்காரர். துறைமுகத்தைப் பார்த்ததும், “இவ்ளோதானா, நாலு படகுதான் இருக்கு!” என்றார். பிறகு கரையில் அடுக்கியிருந்த நண்டு பிடிக்கும் கூடுகளிடம் போய், அவை எப்படிப் பின்னப்பட்டிருக்கின்றன, நண்டு எந்த வழியாக உள்ளே போகும் என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஊருக்கு அவசரமாக வராதீர்கள்.

துறைமுகத்தை விட்டு ஒரு கேட்டைத் திறந்தால் புல்தரை ஆரம்பம். இடப்பக்கம் ஆடுகள், வலப்பக்கம் கறுத்த பாறையும் அலையும். கோட்டை முதலிலிருந்தே கண்ணில் தெரியும், ஆனால் அங்கே கார் போகாது. 2 கிலோமீட்டர் நடந்துதான் ஆக வேண்டும். அதனால்தான் அந்த இடம் இன்னும் அமைதியாக இருக்கிறது என்று நினைக்கிறேன். அரசன் இரண்டாம் எட்வர்டோடு பகைத்துக்கொண்ட லங்காஸ்டர் பிரபு தாமஸ் 1313-இல் கட்ட ஆரம்பித்தது. 1322-இல் அரசன் அவர் தலையை வெட்டிவிட்டான். இரட்டைக் கோபுர வாசல் இடிந்தபின்னும் எவ்வளவு உயரம்! உள்ளே போக டிக்கெட் எடுக்க வேண்டும். பழைய இடங்களைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட், இங்கிலீஷ் ஹெரிடேஜ் அமைப்புகளின் உறுப்பினர்களுக்கு இலவசம். குளிர்காலத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை, பார்த்துக்கொண்டு போங்கள். பணம் கொடுக்காமல் வெளியே சுற்றிப் போனாலும் நடைக்குக் குறைவில்லை.

பெரும்பாலானவர்கள் கோட்டையோடு திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கோட்டையின் மேற்கு அடிவாரமாக வடக்கே வந்தால்தான் அது உட்கார்ந்திருக்கும் பாறையின் செங்குத்து முகம் தெரியும். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் புகுந்து இறுகிய கற்குழம்பு அது. ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரின் ஒரு பகுதி ஓடுவதும் இதே பாறைத் தொடரின் மேல்தான். மே, ஜூன் மாதங்களில் வந்தால் கோட்டைக்குக் கீழே இந்தச் செங்குத்துப் பாறை முழுக்கக் கிட்டிவேக் என்ற கடல் பறவைகள் கூடு கட்டியிருக்கும். ஒரே கூச்சல். சந்தை கூடியதுபோல இருக்கும்.

அப்புறம் கால்ப் மைதானத்தை ஒட்டிய பாதை, எம்பிள்டன் விரிகுடாவின் நீண்ட மணல். மணலில் கால் வைத்துவிட்டு டன்ஸ்டன் ஸ்டெட்ஸ் பண்ணையில் உள்பக்கம் திரும்ப வேண்டும். இந்த இடத்தில் அம்மா நின்றுவிட்டார். “ஏன்டி, கடலைப் பாக்க வந்துட்டு கடலுக்கு முதுகைக் காட்டிட்டுப் போறதா?”

நியாயமான கேள்விதான். பண்ணைச் சாலை நேராக, தரை கெட்டியாக, நிழலே இல்லாமல் போகிறது. முழங்காலுக்கு மணலைவிட இதுதான் கஷ்டம், உட்கார பெஞ்சும் கண்ணில் படவில்லை. இந்த நடையில் எனக்குப் பிடிக்காத பகுதி இது ஒன்றுதான். ஆனால் கடலோரக் காற்று இங்கே தணிந்துவிடுகிறது. பழைய சுண்ணாம்புக் காளவாயும் உலகப்போர்க் காலக் காவல் அறையும் வழியில் வருகின்றன. டன்ஸ்டன் ஸ்கொயர் பண்ணையில் இடப்பக்கம் வயலில் இறங்கினால், கருங்கல் மேட்டின் இடைவெளியில் கடல் மறுபடி தெரியும். அம்மா அங்கே வேகமாக நடக்க ஆரம்பித்தார். அங்கிருந்து வலப்பக்கம் மேட்டை ஒட்டியே போனால் கிராஸ்டர்.

சக்கர நாற்காலிக்கோ குழந்தை வண்டிக்கோ இது சரிப்படாது. மழைக்குப் பிறகு வயலில் சேறு. காற்றுக்கு ஜாக்கெட் கட்டாயம், ஜூலையிலும்தான்.

பசிக்கு, ஜாலி ஃபிஷர்மேன் பப்பில் நண்டு சாண்ட்விச். எதிரே ராப்சன் கடையின் புகைக்கூடத்தில் ஹெர்ரிங் மீனைப் பிளந்து, உப்புநீரில் போட்டு, ஓக் மரத்தூள் புகையில் பக்குவப்படுத்தி கிப்பர் செய்கிறார்கள். வாங்கிக்கொண்டு போங்கள், ஆனால் கருவாடு என்று நினைத்து வெளியே வைத்துவிடாதீர்கள். ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். அம்மா பாதியைப் புளிக்குழம்பில் போட்டுப் பார்த்தார், புகை வாடை புளியோடு ஒட்டவே இல்லை. மீதியைத் தோசைக்கல்லில் கொஞ்சம் வெண்ணெய் விட்டுச் சூடாக்கி, பருப்புச் சோற்றுக்குத் தொட்டுக்கொண்டோம். அது பிரமாதம்.